300 பீஸ் மட்டும், அறுபதுகள் ஸ்டைல்ல ஒரு டைவ் வாட்ச்: எங்கிருந்து ஆரம்பிக்கறது?

நீங்க கேட்டது சுருக்கமா இது: நீங்களும் உங்க நண்பரும் சேர்ந்து 300 பீஸ் மட்டும் ஒரு டைவ் வாட்ச் பண்ணப் போறீங்க, 1960கள்ல வந்த வாட்ச் மாதிரி லுக் வேணும், சைஸ் 38 இல்ல 39 மி.மீ., 200 மீட்டர் தண்ணி தாங்கணும், டயல் ஸ்கெட்ச் ரெடி, அடுத்து என்ன, எங்கெல்லாம் தப்பு நடக்கும். ஸ்கெட்ச்சை நல்லா பார்த்தேன். கருப்பு டயல், தங்கக் கலர் எழுத்து, டீ கறை மாதிரி க்ரீம் கலர்ல ரேடியம், சைடு பார்வையே இல்லாம முன்பக்கம் மட்டும் வரைஞ்சிருக்கீங்க. நான் பதினஞ்சு வருஷமா வாட்ச் பிரிச்சு மாட்டற வேலைல இருக்கேன், நாலஞ்சு சின்ன பிராண்டுக்கு கேஸ் (வெளிக்கூடு), டயல் ட்ராயிங் பார்த்துக் குடுத்திருக்கேன், அதுல கத்துக்கிட்டதை வச்சு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல அந்த டயல் ஸ்கெட்ச்சை ஒரு மாசம் எடுத்து வச்சிடுங்க. அழகா இல்லைன்னு சொல்லல, அழகாத்தான் இருக்கு. ஆனா கலர்ல இருந்து ஆரம்பிச்சா கடைசில கைக்கு வர்றது பழைய வாட்ச்சோட போட்டோ மாதிரி ஒண்ணாத்தான் இருக்கும். நமக்கு இன்னிக்கு பிடிச்சிருக்கற அந்த பழைய வாட்ச்சுங்க எல்லாம் ஸ்டைலுக்காக பண்ணினதே இல்ல, யாரோ ஒருத்தருக்கு ஒரு வேலை இருந்துச்சு, அந்த வேலைக்கு பண்ணினாங்க. பிளாங்பான்ங்கற சுவிஸ் கம்பெனியோட ஃபிஃப்டி ஃபேதம்ஸ் டைவ் வாட்ச்சை எடுத்துக்கோங்க. 1953. பிரெஞ்சு கடற்படைல போர் நீச்சல் பிரிவை உருவாக்கின ரோபேர் மலூபியேயும் குளோத் ரிஃபோவும் கடைல கிடைச்ச வாட்ச்சை எல்லாம் தண்ணில போட்டுப் பார்த்து எதுவும் சரியா வராம, தங்களுக்கு என்ன வேணும்னு தாங்களே எழுதினாங்க: கருப்பு டயல், பெரிய தெளிவான நம்பர், முக்கோணம் வட்டம்னு குழப்பம் இல்லாத குறிகள், தண்ணிக்குள்ள போய் எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு பார்க்க வெளில சுத்தற ஒரு வளையம். பிளாங்பானை அப்ப நடத்தினவர் ழான்-ழாக் ஃபீஷ்டர், அவரே ஒரு டைவர், ஒரு தடவை கடலுக்கு அடில நேரம் போனது தெரியாம சிலிண்டர்ல காத்து தீர்ந்து போய் தப்பிச்சு வந்தவர். அதனாலதான் அந்த வளையம் தானா நகர்ந்துடாம லாக் ஆகற மாதிரி பண்ணி பேட்டன்ட் வாங்கினார். பேர்லயே வேலை இருக்கு பாருங்க, ஃபேதம்ங்கறது கடல் ஆழத்தை அளக்கற அளவு, ஐம்பது ஃபேதம்னா சுமார் 91 மீட்டர், அந்தக் காலத்துல ஒரு டைவர் போகக்கூடிய ஆழம்னு நினைச்சது அவ்வளவுதான்.

அதனால உங்க பேப்பர்ல முதல் வரி கலரா இருக்கக் கூடாது. "இதை யார் கட்டுவாங்க, தண்ணிக்குள்ள என்ன பார்ப்பாங்க, எந்த வெளிச்சத்துல பார்ப்பாங்க"ன்னு மூணு வரி எழுதுங்க. அதை எழுதிட்டா பாதி முடிவு தானா வந்துடும். டைவருக்கு மணி முக்கியம் இல்ல, நிமிஷம்தான் முக்கியம், அப்ப பெரிய முள்தான் ராஜா, அது சின்ன முள்ளைவிட பளிச்சுன்னு வேற மாதிரி தெரியணும். வளையத்துல 12 மணி இடத்துல இருக்கற முக்கோணம் இருட்டுல தெரியணும். விநாடி முள்ளுல ஒரு புள்ளியாவது ரேடியம் வேணும், ஏன்னா வாட்ச் ஓடுதா நின்னுடுச்சான்னு இருட்டுல அதை வச்சுத்தான் தெரியும். இதெல்லாம் நான் சொல்ற ரசனை இல்ல, டைவ் வாட்ச்சுக்குன்னு இருக்கற ஐஎஸ்ஓ 6425 தரத்துலயே இருக்கு. இருட்டுல 25 செ.மீ. தூரத்துல இருந்து படிக்க முடியணும், குறைஞ்சது 100 மீட்டர், எழுதியிருக்கற ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்துல ஒவ்வொரு பீஸையும் டெஸ்ட் பண்ணணும், வளையம் தெரியாத்தனமா திரும்பிடக் கூடாது. நீங்க அந்த சர்டிபிகேட்டுக்கு போகலைன்னாலும் அந்தப் பட்டியலை பக்கத்துல வச்சுக்கிட்டு வரைங்க, ஆனா சோதனை பண்ணாம "டைவர்ஸ் 200 மீ"ன்னு டயல்ல எழுதாதீங்க, வெறும் "200 மீட்டர்"னு எழுதறதுக்கும் அதுக்கும் அர்த்தம் வேற.

அடுத்தது மெஷின், அதாவது உள்ள இருந்து வாட்ச்சை ஓட்டறது. நிறைய பேர் டயல் முடிச்சு கேஸ் முடிச்சு கடைசில மெஷின் தேடறாங்க, அங்கதான் மொத்தமும் சரியும். டயலுக்கு பின்னாடி ரெண்டு சின்ன கால் இருக்கும், மெஷின்ல மாட்டற கால், அது ஒவ்வொரு மெஷினுக்கும் ஒவ்வொரு இடத்துல. சைடுல திருகற சாவி வெளில வர்ற தண்டோட உயரமும் மெஷினுக்கு மெஷின் மாறும், அப்ப கேஸ்ல சாவிக்கு போடற ஓட்டை மாறும், ஓட்டை மாறினா கேஸோட சைடு மொத்தமும் மாறும். உங்க எண்ணிக்கைக்கு நடைமுறைல கிடைக்கறது மூணு வகை. சீக்கோ குழுமத்தோட என்எச்35 வகை, மலிவு, உழைப்பாளி, எந்த ஊர்லயும் சர்வீஸ் பண்ணலாம், ஆனா தடிமன் 5.32 மி.மீ. சிட்டிசன் குழுமத்தோட மியோட்டா 9015 வகை, தடிமன் 3.9 மி.மீ. தான், ஆனா ரோட்டார் (கை அசையறப்ப சுத்தி ஸ்பிரிங்கை முறுக்கற தகடு) ஒரு பக்கம்தான் வைண்ட் பண்ணும், இன்னொரு பக்கம் சர்ருன்னு சும்மா சுத்தற சத்தம் சிலருக்கு கேக்கும். சுவிஸ் செலிட்டா எஸ்டபிள்யூ200, 4.6 மி.மீ., விலை கூடுதல். 38 மி.மீ. கேஸ்ல பழைய கால மெலிசு வேணும்னா நான் மியோட்டா 9039க்குத்தான் போவேன், அது 9015ல தேதி இல்லாத வகை.

"தேதி இல்லாத வகை"ன்னு அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. சில பேர் ஸ்டாக்ல கிடைக்குதுன்னு தேதி இருக்கற மெஷினை வாங்கி மேல தேதி ஜன்னல் இல்லாத டயலைப் போட்டுடுவாங்க. வாங்கினவர் சாவியை ஒரு க்ளிக் இழுப்பார், ஒண்ணும் ஆகாது, இன்னொரு க்ளிக் இழுத்தாத்தான் முள் நகரும், நடுராத்திரி உள்ள தேதி மாறற டக் சத்தம் வேற. ஒரு கருவியை நம்பி காசு குடுத்தவருக்கு கைல தெரியற பொய் அது, பண்ணாதீங்க. தேதி வேணுமா வேண்டாமான்னு கேட்டா, 3 மணி இடத்துல ஜன்னல் வச்சா அங்க ரேடியம் போயிடும், கருப்பு டயல்ல வெள்ளை சதுரம் தனியா கண்ணுல குத்தும். லான்ஜின்ஸ் லெஜண்ட் டைவரே 42 மி.மீ.ல தேதியோட வருஷக்கணக்கா வந்துட்டு 2023ல 39 மி.மீ.ல தேதி இல்லாம வந்துச்சு, அதை கைல கட்டிப் பார்த்தா ஏன்னு புரியும்.

இப்ப சைஸ். "38 மி.மீ."னு ஒரே ஒரு நம்பர் எழுதியிருக்கீங்க, அது போதாது. கைல உக்கார்றதை முடிவு பண்றது மேல் காதுல (வார் மாட்டற முனை) இருந்து கீழ் காது வரைக்கும் உள்ள நீளமும் தடிமன் எப்படி பிரிஞ்சிருக்குங்கறதும்தான். அந்த நீளம் 46, 47 மி.மீ.க்குள்ள இருந்தா மெலிஞ்ச கைக்கும் உக்காரும். தடிமனை ஒரே நம்பரா பார்க்காதீங்க, நாலா பிரிங்க: கைக்குள்ள புதையற பின்மூடி, நடு கேஸ், மேல வளையம், அதுக்கு மேல துருத்திக்கிட்டு நிக்கற கண்ணாடி. பழைய டைவ் வாட்ச் மொத்தத்துல 13 மி.மீ. இருக்கும், ஆனா பார்க்க மெலிசா இருக்கும், ஏன்னா நடு கேஸ் மெலிசு, மீதி எல்லாம் பின்மூடியும் உப்பின பிளாஸ்டிக் கண்ணாடியும். இப்ப வர்ற நிறைய "பழைய ஸ்டைல்" வாட்ச்ல அதே 13 மி.மீ.தான், ஆனா நடு கேஸ் செங்கல் மாதிரி நேரா நிக்கும், முன்னாடி இருந்து போட்டோல தெரியவே தெரியாது, கட்டின உடனே தெரியும். அதனாலதான் சைடு பார்வை இல்லாத ஸ்கெட்ச்சை பார்த்ததும் எனக்கு பயம் வந்துச்சு. வாட்ச் டிசைன்னா பாதிக்கு மேல சைடு பார்வைதான்.

இதுக்கு ஒரு காசும் ஆகாத வழி சொல்றேன். சைடு பார்வையையும் முன் பார்வையையும் அசல் அளவுல பிரின்ட் போடுங்க, முன்பக்கத்தை அட்டைல ஒட்டி காதோட கட் பண்ணி நூல் போட்டு கைல கட்டிக்கோங்க, மூணு சைஸ் பண்ணுங்க, 37.5, 38.5, 39.5. சாப்பிடறப்ப, பைக் ஓட்டறப்ப, சட்டை கைக்குள்ள எல்லாம் அப்பப்ப பாருங்க. ஒரு வாரத்துல ஒண்ணு தானா ஒதுங்கிடும். அதுக்கப்புறம் 3டி பிரின்ட். மெட்டல்ல சாம்பிள் போடறது அதுக்கும் அப்புறம்தான்.

உங்களுக்கு நேரடியா உதவற ஒரு உதாரணம் சீக்கோ. 1965ல ஜப்பானோட முதல் டைவ் வாட்ச்சா 62மாஸ் வந்துச்சு, 150 மீட்டர், சுமார் 37 மி.மீ., ஜப்பானோட அன்டார்டிக் ஆராய்ச்சிக் குழு கட்டிட்டுப் போன வாட்ச். 2017ல அதை திரும்ப பண்ணினப்ப, எஸ்எல்ஏ017ங்கற மாடல், 2,000 பீஸ் மட்டும், 39.9 மி.மீ., உருவம் கிட்டத்தட்ட அப்படியே, உப்பின கண்ணாடி சபையர்ல, உள்ள 8எல்35 மெஷின். அப்புறம் 2020ல எஸ்பிபி143, 40.5 மி.மீ., 70 மணி நேரம் ஓடற 6ஆர்35 மெஷின், எண்ணிக்கை கட்டுப்பாடு கிடையாது. முடிஞ்சா இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. முதலாவது பழசை மறுபடி பண்ணினது. ரெண்டாவது, அதே கம்பெனி அந்த வாட்ச்சை நிறுத்தாம பண்ணிக்கிட்டே வந்திருந்தா இன்னிக்கு எப்படி வந்து நின்னிருக்கும்னு யோசிச்சது, காது சரிவும் மேல்பக்க பிரஷ் ஃபினிஷும் 62மாஸோட ரத்தம்னு தெரியும், ஆனா ஒரு இடத்துலயும் வயசான மாதிரி வேஷம் இல்ல. நீங்க போக வேண்டிய வழி ரெண்டாவதுன்னு நினைக்கறேன், ஏன்னா மறுபடி பண்றதுக்கு உங்க கம்பெனிக்கு 1965ல ஒரு வாட்ச் இல்லையே. இன்னொருத்தரோட சரித்திரத்தை அப்படியே காப்பி அடிக்கறது சட்டப்படியும் சிக்கல், மனசுக்கும் நிக்காது. முள் வடிவம் ஒருத்தர்ட்ட இருந்து, வளையம் இன்னொருத்தர்ட்ட இருந்துன்னு எடுத்தாலும் கட்டறவங்க கண்டுபிடிச்சுடுவாங்க.

சரி, இப்ப ரேடியம். நம்ம ஊர்ல இருட்டுல மின்னற எதுவா இருந்தாலும் ரேடியம்னுதான் சொல்லுவோம், பைக் ஸ்டிக்கர் வரைக்கும். அந்த வார்த்தை வந்ததே வாட்ச் மாதிரி சாமான்ல இருந்துதான். அசல் ரேடியம் பூசின டயல் 1960கள் வரைக்கும் வந்துச்சு, அமெரிக்கால 1920கள்ல அந்தப் பெயின்ட்டை பிரஷ் நுனியை வாயில வச்சு கூராக்கி பூசின பெண் தொழிலாளிங்க நோய் வந்து செத்தாங்க, அது மறக்கக் கூடாத விஷயம். அப்புறம் டிரிட்டியம், அதோட பாதி ஆயுள் 12.3 வருஷம், டயல்ல அடில சின்னதா "டி" எழுத்து போட்டிருந்தது அதுக்குத்தான். 1993ல ஜப்பான்ல நெமோட்டோ கம்பெனி கதிர்வீச்சு இல்லாத லூமிநோவாவை கொண்டு வந்துச்சு, இப்ப நாம போடறது அதோட வாரிசு சூப்பர்-லூமிநோவா. ரேடியமும் டிரிட்டியமும் போட்ட டயல்தான் நாள்பட நாள்பட க்ரீம், காப்பி, பூசணிக் கலருக்கெல்லாம் மாறினது. புதுசா வாங்கினப்ப அது வெளுப்பா, லேசா பச்சை கலந்துதான் இருந்துச்சு. அதாவது நீங்க ஸ்கெட்ச்ல போட்டிருக்கற கலர் அந்த வாட்ச்சோட டிசைனே இல்ல, அதைக் கட்டினவரோட நாற்பது வருஷம் அது.

க்ரீம் கலர் போடவே கூடாதுன்னு சொல்ல வரல. 2017ல ஒமேகா 1957 மாடல் மூணையும், ஸ்பீட்மாஸ்டர், சீமாஸ்டர் 300, ரெயில்மாஸ்டர், அசல் வாட்ச்சை டிஜிட்டலா ஸ்கேன் எடுத்து அளவு பிடிச்சு ஒவ்வொண்ணும் 3,557 பீஸ்னு போட்டப்ப அதுலயும் பழைய கலர் லூம் (இருட்டுல மின்னற பூச்சு)தான், அங்க அது பொருந்துச்சு, ஏன்னா அவங்க நோக்கமே அந்த அசல் வாட்ச் இன்னிக்கு இருக்கற நிலைமைக்கு மரியாதை பண்றது. உங்க வாட்ச்ல போடறதா இருந்தா ஒரு விஷயம் தெரிஞ்சு போடுங்க: கலர் கூடக் கூட மின்னறது குறையும். சூப்பர்-லூமிநோவால பச்சை கலந்த சி3ங்கற வகைதான் இருட்டுல நல்லா நிக்கும், "ஓல்ட் ரேடியம்"னு விக்கற அடர்த்தியான பழுப்பு அந்த அளவுக்கு வராது. டைவ் வாட்ச்னு சொல்லிட்டு இருட்டுல மங்கினா முதல் பக்கத்துல நீங்க எழுதின மூணு வரிக்கு அர்த்தம் இல்லாம போயிடும். நான்னா லேசா தந்தக் கலர், அதுக்கு மேல போக மாட்டேன்.

இதுல எனக்கே பட்ட அடி ஒண்ணு. ஒரு சின்ன பிராண்டுக்கு சாம்பிள் வந்துச்சு, டயல் ஒரு சப்ளையர், முள் இன்னொரு சப்ளையர், வளையத்து புள்ளி மூணாவது ஆள். பேப்பர்ல மூணும் ஒரே லூம் பேர். பகல்ல மேஜை மேல வச்சுப் பார்த்தா அருமையா இருந்துச்சு, நானும் ஓகே சொல்லிட்டேன். ராத்திரி கரண்ட் போனப்ப மேஜைப் பக்கம் திரும்பினேன், டயல் புள்ளி எல்லாம் பச்சையா எரியுது, முள் ரெண்டும் மங்கலா மஞ்சளா தொங்குது, வளையத்து புள்ளி நீலம். நேரம் படிக்கவே முடியல, மூணு கலர் மூணு வேகத்துல மங்கிக்கிட்டே போச்சு. பேர் ஒண்ணா இருந்தாலும் எவ்வளவு தடிமனா பூசறாங்க, கீழ வெள்ளை அடிச்சுட்டு பூசறாங்களா, எந்த பேட்ச் தூள்ங்கறதெல்லாம் சேர்ந்துதான் வெளிச்சம். மொத்த முள்ளையும் திரும்ப பண்ண வேண்டியதாப் போச்சு, ரெண்டு மாசம் லேட், இருட்டுல பார்க்காம கையெழுத்து போட்டது என் தப்புதான். அதுல இருந்து டயல், முள், வளையம் மூணுக்கும் ஒரே இடத்துல லூம் போடச் சொல்லிடுவேன், சாம்பிள் வந்தா முதல்ல பாத்ரூம் கதவை சாத்திட்டு இருட்டுல ஒரு அரை மணி நேரம் வச்சுப் பார்ப்பேன்.

டயல் எழுத்து பத்தி நீளமா பேச ஆசை, ஏன்னா பழைய வாட்ச்சோட ஆத்மா அங்கதான் இருக்கு, புதுசா பண்றவங்க கோட்டை விடறதும் அங்கதான். பத்து மடங்கு பெருசா காட்டற லூப் (பூதக்கண்ணாடி) வச்சு ஒரு அறுபதுகள் டயலைப் பாருங்க. எழுத்து ஓரம் கத்தி மாதிரி இருக்காது. மை லேசா உப்பி நிக்கும், மூலை எல்லாம் கொஞ்சம் உருண்டிருக்கும், கோடு முடியற இடத்துல பொடி கால் மாதிரி ஒரு சின்ன நீட்டல், எழுத்துக்கு நடுவுல இடைவெளி கம்ப்யூட்டர் போட்ட மாதிரி சமமா இருக்காது, கண்ணுக்கு சமமா இருக்கும். அன்னிக்கு ஒருத்தர் பெருசா கைல வரைஞ்சு, அதை தகட்டுல சின்னதா பொறிச்சு, மெத்துன்னு இருக்கற பேட்ல மை எடுத்து டயல்ல அமுக்கினாங்க. இப்பவும் அதே பேட் பிரின்ட்டிங்தான், மாறினது வரையறவங்கதான். கம்ப்யூட்டர்ல இருக்கற ஒரு ஃபான்ட்டை எடுத்து 1 மி.மீ. உயரத்துக்கு சுருக்கினா மெலிஞ்சு போய் உயிரில்லாம நிக்கும். அதை அவுட்லைன் ஆக்கி, கோட்டை தடிமனாக்கி, மூலையை உருட்டி, "6", "9" நம்பரோட வாயைக் கொஞ்சம் திறந்து விட்டு, நூறு மடங்கு பெருசா பிரின்ட் எடுத்து சுவத்துல ஒட்டி திருத்தணும். பொறுமையான வேலை, ஒரு வரிக்கு ரெண்டு நாள் கூட ஆகும், ஆனா வாங்கினவர் தினமும் பார்க்கப் போறது அதைத்தான்.

நம்ம நாட்டுலயே இதுக்கு பாடம் இருக்கு. எச்எம்டி வாட்ச் 1961ல பெங்களூர்ல சிட்டிசன் கூட்டுல ஆரம்பிச்சது, பைலட் மாடல் பார்த்திருப்பீங்க, கருப்பு டயல், சாவி குடுக்கற 17 ஜுவல் மெஷின், எளிமையே உருவான வாட்ச். 2016ல அரசாங்கம் அந்தப் பிரிவை மூடினதுக்கு அப்புறம் ஆன்லைன்ல டயல் மேல புதுசா பெயின்ட் அடிச்சு எழுத்து போட்ட பைலட் எக்கச்சக்கமா ஓடுது. ஒரு அசல் பைலட்டையும் பெயின்ட் அடிச்சதையும் பக்கத்துல வைங்க. நம்பரோட தடிமன், கோடு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுங்கறது, நிமிஷப் புள்ளி விளிம்புல இருந்து எவ்வளவு தள்ளி இருக்குங்கறது, இவ்வளவுதான் வித்தியாசம், அதுக்கே ஒண்ணு வாட்ச்சாவும் இன்னொண்ணு பொம்மையாவும் தெரியும். டிசைன் பழகறவங்களுக்கு இதைவிட மலிவான பள்ளிக்கூடம் கிடையாது.

உங்க தங்கக் கலர் எழுத்து பத்தி. பழைய கில்ட் டயல்ல, அதாவது தங்கக் கலர் எழுத்து டயல்ல, தங்கக் கலரை மேல அடிக்கல. பித்தளைத் தகட்டுல எழுத்து வர வேண்டிய இடத்தை மறைச்சுட்டு மீதிக்கு மின்பூச்சுல கருப்பு ஏத்தி, அப்புறம் மறைப்பை கழுவி விட்டாங்க, அடில இருக்கற உலோகமே எழுத்தா வெளில தெரிஞ்சுது. அதனால எழுத்து கருப்பைவிட ஒரு நூல் பள்ளத்துல இருக்கும், வெளிச்சம் பட்டா உள்ள இருந்து வர்ற மாதிரி மினுங்கும். இன்னிக்கும் பண்ணித் தர்ற டயல்காரங்க இருக்காங்க, விலை கூடும், கழிவு ஜாஸ்தி, நாலு டயலுக்கு ஒண்ணு போகலாம். 300 பீஸ்தான்னா நான் காசை அங்க போடுவேன். பெட்டி, புத்தகம், நாணயம் இதெல்லாம் குடுக்கறதைவிட இது மேல். அது கட்டுப்படியாகாதுன்னா தங்க மையை விட்டுடுங்க, வெறும் வெள்ளை எழுத்து போடுங்க, அதுவும் அந்தக் காலத்துது தான், நேர்மையா இருக்கும்.

முள் நீளம் ஒரு வரில சொல்லிடறேன்: பெரிய முள் நிமிஷக் கோட்டைத் தொடணும், சின்ன முள் மணிக் குறியோட உள் ஓரத்தைத் தொடணும், கேட்டலாக்ல ரெடியா இருக்கற முள்ளை எடுத்தா இது ரெண்டும் நடக்காது. லூம் புள்ளியை டயல்ல உயரமா வச்சா சின்ன முள் அதுல உரசும், அதுக்கு ஏத்த மாதிரி முள் மாட்டற தண்டு உயரமா இருக்கற மெஷின் வகையை ஆர்டர் பண்ணும்போதே கேட்டு வாங்கணும்.

கண்ணாடி சபையர்லயே போங்க, உப்பின பெட்டி வடிவம், உள்பக்கம் மட்டும் ரிஃப்ளெக்ஷன் குறைக்கற கோட்டிங், வெளில போட்டா கீறி அசிங்கமாகும். உள் வளைவும் வெளி வளைவும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தாட்டி சாய்ச்சுப் பார்க்கறப்ப டயல் ஓரம் பால் மாதிரி வெளுத்துடும், சாம்பிள்ல அதை மட்டும் பாருங்க. பிளாஸ்டிக் கண்ணாடியோட அந்த இளஞ்சூடு எனக்கும் பிடிக்கும், ஆனா 200 மீட்டருக்கும் வாரன்டிக்கும் பதில் சொல்லப் போறது நீங்கதான். வளையத்துக்கு செராமிக் வேண்டாம், அலுமினியம் போடுங்க. கீறும், வெளுக்கும், அதுதான் வேணும். நாளைக்கு வர்ற வயசு அந்த வாட்ச்சுக்கு நிஜமா வரட்டும், கட்டறவரே அதை சம்பாதிக்கட்டும். செராமிக் அம்பது வருஷம் கழிச்சும் இன்னிக்கு மாதிரியே இருக்கும், இல்லாட்டி உடையும். காதுல குறுக்க ஓட்டை போட்டுடுங்க, பின்னை வெளில இருந்து தள்ளி வார் மாத்தலாம், பழைய வேலைக்கார வாட்ச்சுல எல்லாம் அது இருந்துச்சு, அழகும் உபயோகமும் சேர்ந்த இடம். காது இடைவெளி 20 மி.மீ., வேற எதுவும் யோசிக்காதீங்க, வாங்கினவருக்கு எந்த ஊர்லயும் வார் கிடைக்கணும். செயினுக்கு காசு இல்லாட்டி மட்டமான செயின் போடாதீங்க, டிராபிக்னு சொல்ற பழைய டைவ் ஸ்டைல் நல்ல ரப்பர் வார் ஒண்ணு, நைலான் ஒண்ணு போதும். நைலான் வார்க்கே பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் 1973ல எழுதின விவரக்குறிப்பு இருக்கு, 20 மி.மீ. சாம்பல் கலர், ஒரு பின் போனாலும் வாட்ச் கைய விட்டு விழாத மாதிரி. அதுவும் வேலைல இருந்து வந்த டிசைன்தான்.

தண்ணி டெஸ்ட். ஃபேக்டரில அழுத்த டெஸ்ட் பண்ணி சீட்டு குடுப்பாங்க, வாங்கி வச்சுக்கோங்க, ஆனா இங்க அசெம்பிளி முடிஞ்சதும் ஒவ்வொரு பீஸையும் மறுபடி பாருங்க. காத்து டெஸ்ட் பண்ணினதுக்கு அப்புறம் ஒரு எளிய சோதனை உண்டு: வாட்ச்சை 40, 45 டிகிரி சூட்டுத் தட்டுல கொஞ்ச நேரம் வச்சு, கண்ணாடி மேல ஒரு சொட்டு குளிர்ந்த தண்ணி விட்டு, ஒரு நிமிஷம் கழிச்சு துடைச்சுட்டுப் பாருங்க. உள்ள ஈரம் இருந்தா கண்ணாடிக்கு உள்பக்கம் அந்த சொட்டு இருந்த இடத்துல வட்டமா பனி பிடிச்சிருக்கும். அப்படி ஒண்ணு வந்தா அந்த பீஸை தனியா எடுத்து வச்சு ரப்பர் ரிங், சாவிக் குழாய் ரெண்டையும் பாருங்க, பெரும்பாலும் ரிங்ல ஒரு முடி அளவு தூசிதான் காரணமா இருக்கும்.

இனி அந்த 300ங்கற நம்பர். லிமிடெட் எடிஷன்னா என்ன காரணம்னு கேட்டா ஒரு பதில் இருக்கணும். சீக்கோ 2020ல 62மாஸோட 55வது வருஷத்துக்கு 5,500 பீஸ் போட்டாங்க, நம்பருக்கும் வருஷத்துக்கும் உறவு தெரியுது. பிளாங்பான் பழைய ஃபிஃப்டி ஃபேதம்ஸை நினைவு பண்ணி அப்பப்ப 500 பீஸ் போடறாங்க. உங்க பதில் இன்னும் எளிமையானது, உண்மையும் கூட: எங்க கைக்கு 300தான் ஒழுங்கா பண்ண முடியும், 300தான் ஒண்ணொண்ணா டெஸ்ட் பண்ணி அனுப்ப முடியும். அதையே சொல்லுங்க. வித்து தீர்ந்ததும் கலர் மட்டும் மாத்தி இன்னொரு 300 போட்டா முதல்ல நம்பி முன்பணம் கட்டினவங்க முகத்துல முழிக்க முடியாது, அதனால "இந்த டயல் மறுபடி வராது, இந்த கேஸ் வரலாம்"னு இப்பவே எழுத்துல குடுத்துடுங்க. நம்பரை பின்மூடில ஆழமா பொறிங்க, டயல்ல போடாதீங்க, டயல்ல போட்டா ஒரு டயல் கெட்டுப் போனா அந்த நம்பரே செத்துப் போச்சு.

கடைசியா, 300 வாட்ச்சுக்கு 300 டயல் ஆர்டர் பண்ணாதீங்க. அசெம்பிளிலயே டயல்ல கீறல், முள்ளுல கைரேகைன்னு கொஞ்சம் போகும், அது போக பத்து வருஷத்துக்கு பதில் சொல்ல கைல இருக்கணும். நான் சொல்ற கணக்கு: டயல் 330, முள் செட் 345, கண்ணாடி 330, வளையத்து அலுமினியம் தகடு 400, ஏன்னா அதுதான் முதல்ல மாத்தக் கேப்பாங்க, சாவியும் குழாயும் 340, மெஷின் 310. ரப்பர் ரிங் மட்டும் வாங்கி அடுக்காதீங்க, அது அலமாரிலயே காஞ்சு போகும். அதோட உள் விட்டம், தடிமன் ரெண்டையும் வாரன்டி கார்டுக்கு பின்னாடி அச்சடிச்சுடுங்க. நாளைக்கு உங்க கம்பெனி இருந்தாலும் இல்லாட்டியும், நாகர்கோவில்லயோ சேலத்துலயோ ஒரு ரிப்பேர் கடைக்காரர் அந்த கார்டைப் பார்த்து சரியான ரிங் போட்டு மூடிக் குடுப்பார்.